ரகசியச் சங்கத்தின் பேரேடுகள்: ஃப்ரீமேசன் வரலாறு தேட எது உதவும், எது உதவாது

ஃப்ரீமேசன்கள் என்ற, சடங்குகளோடு கூடும் பழைய சகோதரச் சங்கத்தாரைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது முக்கோணத்துக்குள் ஒரு கண். கூடவே டாலர் நோட்டு, உலகத்தை ஆட்டிவைக்கும் சில குடும்பங்கள், பின்னணியில் திகில் இசை. பிழைப்புக்குக் கணக்குத் தணிக்கை பார்ப்பவள் நான். ஒருவர் எதையோ மறைக்கிறார் என்று யாராவது சொன்னால், அவருடைய பேரேட்டைக் கொண்டுவரச் சொல்வதுதான் என் பழக்கம். இவர்கள் விஷயத்திலும் அதையே செய்தேன். எந்த ஊரில் எந்த மதுக்கடை மாடியில் கூடினார்கள், யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், என்ன தொழில் செய்தார், எந்த லாட்ஜ் (அவர்களுடைய உள்ளூர்க் கிளைக்குப் பெயர் அது) எப்போது மூடப்பட்டது என்று எழுதிக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதில் கணிசமான பகுதியை இன்று காசில்லாமலே பார்க்கலாம்.

நான் எழுதப்போவது லண்டனிலுள்ள ஃப்ரீமேசன்ரி அருங்காட்சியகம், அதன் நூலகம், அவற்றை ஒட்டி இணையத்தில் இருக்கும் தரவுத்தளங்கள் பற்றி. நான் மேசன் இல்லை. லாட்ஜ்களுக்கெல்லாம் தலைமை அமைப்பான இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் பெண்களைச் சேர்ப்பதும் இல்லை. சொந்த ஊர் திருச்சி, குடியிருப்பது லண்டனுக்குத் தெற்கே. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சி லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தார் என்று படித்ததுதான் என்னை இதற்குள் இழுத்தது. நம்ம ஊரில் நடந்ததா, யார் சேர்த்துவிட்டது, சேர்ந்து என்ன ஆயிற்று? இந்தக் கேள்விகளோடு ஒவ்வொரு கதவையும் தட்டினேன். எந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதை வைத்துத்தான் என் மதிப்பெண்.

முதலில் கட்டடம். கிரேட் குயின் தெரு, 60 என்ற எண். ஹோல்போர்ன், கவென்ட் கார்டன் இரண்டு நிலையங்களிலிருந்தும் நடந்துவிடலாம். முதல் உலகப் போரில் இறந்த மேசன்களின் நினைவாக 1927 முதல் 1933 வரை கட்டியது. நினைவுச் சுருளில் 3,225 பேர். பெரிய கோயில் என்று அவர்கள் சொல்லும் கூட்ட மண்டபத்தின் வெண்கலக் கதவு ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடை. ஆங்கில உளவுத் தொடர் ஒன்றில் உளவுத்துறைத் தலைமையகமாக நடித்ததும் இதே கட்டடம்தான்; ரகசியம் என்றால் கேமராக்காரர்களுக்கும் இந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது போலும். எதிர்வரிசையில் மேசன்கள் கூட்டத்தில் அணியும் ஏப்ரனும் வெள்ளைக் கையுறையும் விற்கும் கடைகூட உண்டு. அருங்காட்சியகத்துக்கு அனுமதிக் கட்டணம் கிடையாது.

உள்ளே எல்லோரும் நின்று படம் எடுப்பது தங்க முலாம் பூசிய ஒரு பிரம்மாண்டமான நாற்காலியை. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் கிராண்ட் மாஸ்டராக, அதாவது சங்கத் தலைவராக, இருந்தபோது 1791ல் செய்தது. அதில் உட்கார்ந்தால் எனக்குக் கால் தரையில் எட்டாது. சர்ச்சிலின் ஏப்ரனும் இருக்கிறது. நல்ல சேகரிப்பு, நல்ல வெளிச்சம், தெளிவான விளக்க அட்டைகள். ஆனால் ஓர் அமைப்பு தன்னைப் பற்றித் தானே நடத்தும் கண்காட்சி என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும். ஆண்டறிக்கையின் முன்பக்கத்துப் படங்களைப் பார்த்துவிட்டு நான் எந்த நிறுவனத்துக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. நமக்கு வேண்டியது பின்பக்கத்து இணைப்புகள். அவை நூலகத்திலும் இணையத்திலும் இருக்கின்றன. நூலகத்துக்குப் போக நினைப்பவர்கள் முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பி நாள் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணை இணையத்திலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து தேடி, எந்தப் பொருள் வேண்டும் என்று அதன் குறியீட்டோடு எழுதினால் நம் பாதி வேலை முடிந்துவிடும்.

இப்போது என் மனதுக்கு மிகப் பிடித்தது: லேனின் மேசானிக் பதிவேடு. ஜான் லேன் டார்க்வே ஊரைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர். சக தொழில்காரர் என்பதால் சலுகை காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதைப் புரட்டிப் பார்த்தால் நீங்களும் காட்டுவீர்கள். 1717 முதல் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ்களின் கீழ் உள்நாட்டிலும் கடல் தாண்டியும் தொடங்கப்பட்ட ஒவ்வொரு லாட்ஜையும் தேடி எடுத்து, பெயர், எண், கூடிய இடங்கள், அனுமதிப் பத்திரம் கிடைத்த ஆண்டு, பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஆண்டு என்று வரிசைப்படுத்தி 1886ல் முதல் பதிப்பு கொண்டுவந்தார். திருத்திய பதிப்பு 1895ல். கணினி இல்லை, ஜெராக்ஸ் இல்லை. ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் அதை இணையத்தில் தேடக்கூடிய தரவுத்தளமாக ஆக்கி, இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறது.

லேன் இல்லாமல் இந்தத் துறையில் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. காரணம் லாட்ஜ் எண்கள். பழைய கடிதத்திலோ கல்லறையிலோ ஒரு லாட்ஜ் எண்ணைப் பார்த்துவிட்டு அதையே தேடப் போனால் வேறு ஊர் லாட்ஜில் போய் நிற்பீர்கள். ரேஷன் கடை வரிசையில் நடுவில் இருப்பவர் போய்விட்டால் பின்னால் நிற்பவர்கள் நகர்ந்து இடத்தை நிரப்புவதில்லையா, அதே கதை. மூடிப்போன லாட்ஜ்களின் இடைவெளிகளை நிரப்ப 1729, 1740, 1755, 1770, 1780, 1792, 1814, 1832, 1863 என்று எண்களை மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1786ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் மெட்ராஸின் 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' லாட்ஜை எல்லோரும் 150 என்ற எண்ணில் அறிவார்கள். 1863க்கு முந்திய காகிதங்களில் அந்த எண்ணை நம்பித் தேடினால் ஆள் அகப்பட மாட்டார். லேனில் ஒரு லாட்ஜைத் திறந்தால் அது எந்த ஆண்டில் எந்த எண் தாங்கியது என்பது ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

இந்த எண் விவகாரத்தில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இரண்டு போட்டி கிராண்ட் லாட்ஜ்கள். 1751ல் பிரிந்து நின்றவர்கள் தங்களை 'பழையவர்கள்' என்று அழைத்துக்கொண்டு, முன்பே இருந்தவர்களுக்குப் 'புதியவர்கள்' என்று பட்டம் கட்டினார்கள். அறுபது ஆண்டுச் சண்டை முடிந்து 1813 டிசம்பர் 27ல் ஒன்றானபோது, யாருடைய முதல் லாட்ஜுக்கு ஒன்றாம் எண் என்று சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு 'பழையவர்கள்' பக்கம் விழுந்தது. 1717க்கு முன்பே இருந்த நான்கு லாட்ஜ்களில் ஒன்றான 'ஆன்டிக்விட்டி' அன்றிலிருந்து இன்றுவரை இரண்டாம் எண்ணோடுதான் இருக்கிறது. நம்மூர்க் கோயில் முதல் மரியாதைத் தகராறு பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலைப் போடுங்கள்: டிரிச்சினோப்போலி, மெட்ராஸ், டான்ஜோர். எண்ணை விட்டுவிட்டு ஊரில் தொடங்குங்கள். எங்கள் ஊரில் 'ராக்' என்ற பெயரில் ஒரு லாட்ஜ் இருந்தது. மலைக்கோட்டை உள்ள ஊரில் வேறென்ன பெயர் வைப்பார்கள்? லேனின் குறை ஒன்றே ஒன்று: அது இங்கிலாந்துக் கணக்கு. ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜும் (1736) அயர்லாந்து கிராண்ட் லாட்ஜும் (1725) கொடுத்த அனுமதிகள் அதில் கிடையாது. இந்தியாவில் இது பெரிய ஓட்டை. பட்டாளங்களோடு ஊர் ஊராகப் போன லாட்ஜ்கள் பலவும் அயர்லாந்து அனுமதியில் நடந்தவை. முதல் பயண அனுமதியை 1732ல் கொடுத்தவர்களே அவர்கள்தாம். சிப்பாய் மூதாதையரைத் தேடுபவர்கள் டப்ளின் மோல்ஸ்வொர்த் தெருவுக்கும் எடின்பரோ ஜார்ஜ் தெருவுக்கும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்து உறுப்பினர் பதிவேடுகள். இவை 1751 முதல் 1921 வரை படமெடுக்கப்பட்டு, சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு வம்சாவளித் தளத்தில் இருக்கின்றன. பெயர், வயது, தொழில், ஊர், சேர்ந்த நாள். இந்த விவரங்கள் எப்படி மிஞ்சின என்று கேட்டால் பதில் வழக்கம்போலப் பணம். தங்களுக்கென்று ஒரு மண்டபம் கட்ட நிதி வேண்டும் என்று 'புதியவர்கள்' 1768ல் ஒவ்வொரு புது உறுப்பினருக்கும் பதிவுக் கட்டணம் வைத்தார்கள். கட்டணம் வாங்கினால் பெயர் எழுதித்தானே ஆக வேண்டும்? மண்டபம் 1776ல் எழுந்தது. இடித்துக் கட்டி இன்றைய கட்டடமும் வந்துவிட்டது. வசூலுக்காகப் போட்ட பட்டியல் மட்டும் நமக்கு வரலாறாக நிற்கிறது.

சந்தா கட்டும் முன் ஒன்று. இங்கிலாந்தில் இருப்பவர்கள் உங்கள் பகுதிப் பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். வம்சாவளித் தளங்களை அங்கே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கப் பல நூலகங்களில் வசதி உண்டு. இந்தியப் பெயர்களைத் தேடுவோருக்கு: ஆங்கில எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அதை இன்னொருவர் கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தார். இரண்டு கை மாறிய பெயரை நம்பாமல், லாட்ஜையும் ஊரையும் பிடித்துப் பக்கம் பக்கமாகக் கண்ணால் பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இந்தியர்கள் எப்போது உள்ளே விடப்பட்டார்கள் என்ற பெரிய கதை அந்தப் பக்கங்களில்தான் தெரிகிறது. வங்காளத்தில் இந்துக்களைச் சேர்க்கத் தடைபோட்டு நடந்த நீண்ட இழுபறிக்குப் பிறகு, பிரசன்ன குமார் தத் 1872ல் கல்கத்தாவின் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் சேர்ந்தார். அதே லாட்ஜில் 1884ல் சேர்ந்த இளைஞர் நரேந்திரநாத் தத். விவேகானந்தர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

பதிவேட்டின் அருமை தெரிய இன்னொரு உதாரணம் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங். 1886ல் லாகூரில் 'ஹோப் அண்ட் பெர்செவெரன்ஸ்' லாட்ஜில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபதுதான். இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும், ஆனால் லாட்ஜுக்குச் செயலாளர் தேவைப்பட்டது, விதியைத் தளர்த்தினார்கள். முதுமையில் அவர், மேசன்களின் மூன்று படிகளில் முதல் படியில் தன்னைச் சேர்த்தவர் பிரம்ம சமாஜி, அடுத்த படிக்கு ஏற்றியவர் முஸ்லிம், மூன்றாவதுக்கு ஏற்றியவர் ஆங்கிலேயர் என்று அழகாகச் சொன்னார். லாட்ஜின் பதிவுகள் அதோடு ஒத்துப்போகவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டிவிட்டார்கள். அந்த லாட்ஜில் பல மதத்தவர் இருந்தது நிஜம். எழுத்தாளர் அதைத் தன் வாழ்க்கைக்கு ஏற்றபடி கொஞ்சம் அடுக்கி வைத்துவிட்டார். சாட்சி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வவுச்சரைப் பார்க்காமல் டிக் போடக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதற்கு, இனி இதுதான் கதை.

மேசானிக் பருவ இதழ்களின் இணையக் களஞ்சியமும் இலவசம்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த இதழிலிருந்து, 1834ல் தொடங்கிய காலாண்டிதழ், பிறகு வந்த வாராந்தரிகள் வரை சொல் போட்டுத் தேடலாம். லேன் எலும்புக்கூடு மட்டும் கொடுப்பார், சதை இங்கே. மெட்ராஸ் கூட்டம் எப்படி நடந்தது, விருந்தில் யாருக்கு யார் மது உயர்த்தினார்கள், யார் சீமைக்குத் திரும்பினார், யார் காலராவில் போனார். ஸ்கேன் செய்த பழைய அச்சு என்பதால் கணினி எழுத்தை மாற்றிப் படித்திருக்கும். ஒரு சொல்லுக்கு நாலு விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். விளம்பரங்களையும் விடாதீர்கள். மெரினாவில் இன்று காவல்துறைத் தலைமையகமாக இருக்கும் வெள்ளைக் கட்டடம் 1839ல் மேசன்களுக்காக எழும்பியது, போலீஸ் பிறகு வாடகைக்கு வந்து கடைசியில் வாங்கியே விட்டது என்று நான் அறிந்ததும் இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொற்றிப் போனபோதுதான்.

என் நவாபுக்கு வருகிறேன். இவர் கதையை எழுதிவைத்தவர் வில்லியம் பிரஸ்டன், பதினெட்டாம் நூற்றாண்டு மேசன், அதே காலத்தில் வாழ்ந்தவர். திருச்சியில் நவாபின் மகன் சேர்ந்த செய்தி லண்டனுக்குப் போனதும் கிராண்ட் லாட்ஜுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்த்துக் கடிதம், வேலைப்பாடு செய்த நீல ஏப்ரன், அருமையாக பைண்டு செய்த சட்டப் புத்தகம் எல்லாம் சர் ஜான் டே மூலம் மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். உம்தத்-உல்-உமரா பாரசீகத்தில் பதில் எழுதி, தங்க ஜரிகைத் துணி உறையில் வைத்து அனுப்பினார். சபையில் மொழிபெயர்ப்பை வாசித்தார்கள். அதைத் தோல்தாளில் எழுதி, மூலக் கடிதத்தோடு சட்டமிட்டு, பொதுக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் மண்டபத்தில் மாட்டிவைக்கத் தீர்மானம் போட்டார்கள்.

இங்கே ஒரு கணக்குக்காரிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வருஷங்களில் ஆற்காட்டு அரண்மனையின் நிலைமை என்ன? பால் பென்ஃபீல்டு மாதிரி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் வாங்கிய கடன் வட்டிக்கு வட்டியாக ஏறி, 1785ல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் அந்தக் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் அளவுக்கு முற்றியிருந்தது. கடன் கொடுத்தவர்கள் நாட்டிலிருந்து சகோதரர் என்று ஒரு கடிதம் வந்தால் ஜரிகை உறை போடாமல் எப்படி? உம்தத்-உல்-உமரா 1795ல் நவாபானார், 1801ல் இறந்தார். அவர் உடல் குளிர்வதற்குள் கம்பெனி கர்நாடகத்தை, அதாவது ஆற்காட்டு நவாபின் ராஜ்யத்தை, எடுத்துக்கொண்டது. காட்டிய காரணம்: 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் அரண்மனையில் கிடைத்த, நவாப் குடும்பத்தோடு தொடர்புடைய கடிதங்கள். ஒரு கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள், சில கடிதங்களைக் காட்டி நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டாம் பாதி எந்த மேசானிக் நூலிலும் முதலில் வராது. கிரேட் குயின் தெருவில் வேலையை முடித்தவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்கும் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சங்கமே வைத்திருக்கும் கணக்கை வேறொருவர் வைத்திருக்கும் கணக்கோடு ஒத்துப்பார்க்க இங்கிலாந்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சி பயத்தில் 1799ல் சட்டவிரோதச் சங்கங்கள் சட்டம் வந்தது. மேசன்களுக்கு விலக்கு கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு லாட்ஜும் ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலை மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் கொடுக்க வேண்டும். 1967 வரை அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. கொடுத்த பட்டியல்கள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் தூசி படிந்து கிடக்கின்றன. லண்டன் பதிவேட்டில் விட்டுப்போன ஆள் இங்கே அகப்படுவார்.

சங்கத்தின் பிறந்த தேதியே இப்போது தகராறில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1717 ஜூன் 24, செயின்ட் பால் தேவாலயத்தை ஒட்டிய 'கூஸ் அண்ட் கிரிடிரன்' மதுக்கடை, நான்கு லாட்ஜ்கள் கூடின என்பது பாடப்புத்தகக் கதை. இதற்கு ஆதாரம் என்ன? ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் 1738ல், அதாவது இருபத்தொரு வருஷம் கழித்து, மேசன்களின் சட்டப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் எழுதியது. 1723ல் அவரே எழுதிய முதல் பதிப்பில் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆண்ட்ரூ பிரெஸ்காட், சூசன் மிட்செல் சாமர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2016ல் கேம்பிரிட்ஜ் மாநாட்டில் இதைப் போட்டு உடைத்தார்கள். அவர்கள் கணக்குப்படி கிராண்ட் லாட்ஜ் பிறந்தது 1721 ஜூன் 24, ஸ்டேஷனர்ஸ் ஹாலில், மாண்டேகு பிரபு தலைமை ஏற்றபோது. அந்தக் கூட்டத்துக்கு வில்லியம் ஸ்டூக்லியின் நாட்குறிப்பு போன்ற சமகாலச் சாட்சி உண்டு. அடுத்த ஆண்டே ராயல் ஆல்பர்ட் ஹாலில் முந்நூறாம் ஆண்டு விழா ஜோராக நடந்தது. அழைப்பிதழை யார் திருப்பி அடிப்பார்கள்? இரண்டு தரப்பும் ஆராய்ச்சிக்கான 'குவாட்டுவார் கொரொனாட்டி' லாட்ஜின் ஆண்டு மலர்களில் மோதிக்கொண்டது. அந்த லாட்ஜ் 1884ல் அனுமதி பெற்றது, முதல் மாஸ்டர் சர் சார்ல்ஸ் வாரன். 'ஜாக் தி ரிப்பர்' கொலைகளின்போது லண்டன் போலீஸ் கமிஷனராக இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டாரே, அவரேதான். மலர்கள் கனமான வாசிப்பு. சில கட்டுரைகள் தூக்க மாத்திரைக்குச் சமம். ஆனாலும் ஆதாரத்தைப் பார்த்து எழுதியவை.

1717க்கும் முந்திய காலம் தேடுபவர்களுக்கு அருங்காட்சியகம் அவ்வளவாக உதவாது. நேரே மூலத்துக்குப் போங்கள்: பிரிட்டிஷ் நூலகத்தில் 'ரீஜியஸ்' கையெழுத்துச் சுவடி, 794 வரிச் செய்யுள், அது மேசன்களைப் பற்றியது என்று 1840ல் கண்டு அச்சிட்ட ஹாலிவெல் ஒரு மேசனே இல்லை. எடின்பரோவில் 'மேரிஸ் சேப்பல்' லாட்ஜின் 1599 முதலான குறிப்பேடு. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் எலியாஸ் ஆஷ்மோல், தான் வாரிங்டனில் சேர்க்கப்பட்டதை 1646 அக்டோபர் 16ல் நாட்குறிப்பில் எழுதியது.

ஐரோப்பாவுக்குள் போனால் கதை தலைகீழ். அங்கே பெரிய சேகரிப்புகள் சிலவற்றைச் சேர்த்தவர்கள் மேசன்களை ஒழிக்க வந்தவர்கள். நாஜித் தலைவர் ஹிம்லரின் ஆட்கள் கொள்ளையடித்த நூல்கள்தான் இன்று போலந்தில் போஸ்னான் பல்கலைக்கழகத்தின் மேசானிக் தொகுப்புக்கு அடித்தளம். சியாஜென் மாளிகையில் வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினில் ஃபிராங்கோ 1940ல் மேசன்களைத் தண்டிக்கச் சட்டம் போட்டு, வழக்குக்காகச் சேர்த்த கோப்புகள் சலமான்காவில் இருக்கின்றன. பார்வையாளர்களைப் பயமுறுத்தவென்று அந்த ஆட்சி ஜோடித்த கறுப்பு அங்கிப் பொம்மைகள் நிற்கும் போலி லாட்ஜ் ஒன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. இவற்றை நான் நேரில் பார்த்ததில்லை, அதனால் மதிப்பெண் போடவில்லை.

முக்கோணக் கண் வீடியோக்காரர்களுக்கு ஒரு பெயர்: லியோ டாக்ஸில். மேசன்கள் சாத்தானை வணங்குகிறார்கள் என்று பிரான்சில் பல ஆண்டுகள் எழுதி எழுதி விற்றவர், 1897 ஏப்ரல் 19ல் பாரிஸில் கூட்டம் போட்டு, அத்தனையும் தான் கட்டிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கதைகள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அந்த வகைப் புத்தகத்துக்கு ஒரு பைசா செலவழிக்காதீர்கள்.

என் மதிப்பெண்: லேனுக்கு ஐந்துக்கு ஐந்து. பருவ இதழ்களுக்கு நாலு. உறுப்பினர் பதிவேட்டுக்கு, நூலகத்தில் இலவசமாகப் பார்த்தால் நாலு, சொந்தக் காசு கட்டினால் மூன்று. அருங்காட்சியகக் கூடத்துக்கு மூன்றரை. நூலகத்தோடு சேர்த்துப் போனால் நாலரை.

பெண்களைத் தேடுவோர் மட்டும் இந்தப் பட்டியலை நம்பிப் போக வேண்டாம். அன்னி பெசன்ட் 1902ல் பாரிஸில், ஆண் பெண் இருபாலரும் சேரும் 'லெ த்ருவா ஹ்யூமேன்' அமைப்பில் சேர்ந்து, அதே ஆண்டு லண்டனில் லாட்ஜ் தொடங்கி, பிறகு அந்த வகை மேசன்ரியை இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். ஆனால் லேனில் அவர் லாட்ஜுக்கு இடமில்லை, உறுப்பினர் பதிவேட்டில் அவர் பெயரும் இல்லை. ஐக்கிய கிராண்ட் லாட்ஜின் கணக்கில் அது வராது. 1908ல் உருவான பெண் மேசன்கள் அமைப்பின் தலைமையகம் நாட்டிங் ஹில்லில், பெம்பிரிட்ஜ் கார்டன்ஸ் 27. அவர்களைத் தேடுகிறவர்கள் அங்கே எழுதுங்கள். பெசன்ட்டுக்கு அடையாறு பிரம்மஞான சபையின் நூலகத்தில் தொடங்குங்கள்.